ஆவுடை கொண்டுவந்த தண்ணீர்

தொட்டியில் நுரை வர வேண்டிய இடத்தில், திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

சுற்றி ஒன்பது பத்துப் பேர் நின்றார்கள். ஆலை முதலாளி நின்றார். அவர் கூட்டி வந்திருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் ராமராஜா சார் மஞ்சள் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நான் கரும்பச்சைச் சேலை கட்டி, கல்யாண வீட்டுக்காரி மாதிரி அலட்டிக்கொண்டு நடுவில் நின்றிருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் மருந்து ஊத்துங்க” என்றேன்.

ஊற்றினார்கள். துணுக்கு இன்னும் கூடியது. தொட்டியின் விளிம்பில் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டது. மோட்டார் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது.

ராமராஜா சார் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். கோபம் தலைக்கேறினால் மட்டும் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கு வந்தது.

“ஏமம்மா, இதேனா மீ ரிசல்ட்டு?”

இதுதானா உங்கள் ரிசல்ட் என்று கேட்கிறார் என்பது தெலுங்கு தெரியாதவர்களுக்கும் புரிந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதமாக லேபில் இதே கல்லை, இதே மருந்தைப் போட்டு அழகான நுரை எடுத்துக் காட்டியவள் நான். அதை நம்பித்தான் இவ்வளவு பெரிய தொட்டியைக் கட்டியிருந்தார்கள்.

நுரைக்கும் ஒரு படிப்பு

தொட்டி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கட்டும். போன வாரம் இந்தப் பத்தியில், நான் கனடாவில் எண்ணெய் மணல் ஆய்வகத்தில் நுரையோடு காலம் தள்ளியதாக ஒரு வரி எழுதியிருந்தேன். சாத்தூர் வாசகர் ஒருவர், ‘நுரையைப் பற்றிப் படிக்கவும் ஒரு படிப்பு இருக்கிறதா, அல்லது எங்களைக் கிண்டல் செய்கிறீர்களா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருக்கிறது ஐயா. எனக்குச் சோறு போட்டதே அதுதான்.

தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முடியில் ஒட்டாமல் வழுக்கி ஓடிவிடும். சீயக்காய் தேய்த்த பிறகு ஊற்றினால் மயிர்க்கால் வரை நனையும். தண்ணீரும் அதேதான், தலையும் அதேதான். நடுவில் மெல்லிசாக என்ன படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒட்டுவதும் ஒட்டாததும் நடக்கிறது. அந்த மெல்லிசுப் படிவைத்தான் நான் முப்பது வருஷம் நோண்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் மணல் கலந்திருக்கும். மணல் அதிகமானால் சிமென்ட்டுக்கு ஆகாது. அதனால் கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து, சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை விடுவோம். மருந்து சுண்ணாம்புத் துகள் மேல் படியும். படிந்த துகளில் தண்ணீர் ஒட்டாது. அடியிலிருந்து காற்றை விட்டால் அந்தத் துகள்கள் குமிழியைத் தொற்றிக்கொண்டு மேலே வந்து, நுரையோடு நுரையாக விளிம்பில் வழியும். மணல் அடியில் கிடக்கும். நுரையை வழித்தெடுத்துக் காயவைத்தால் நல்ல சுண்ணாம்பு. வேலை இவ்வளவுதான்.

கனடாவிலும் இதே வேலை, சரக்குதான் வேறு. அங்கே மணலும் தாரும் ஒன்றாகக் கலந்து பூமியில் கிடக்கின்றன. வெந்நீரில் போட்டு அலசினால் தார் மணலை விட்டுப் பிரிந்து, குமிழியோடு மேலே வரும். முதல் நாள் அந்த மணலைக் கையில் எடுத்து முகர்ந்தபோது எங்கள் தெருவுக்கு ரோடு போட்ட கோடை விடுமுறை ஞாபகம் வந்துவிட்டது. வெளியே மூக்கு உறைகிற குளிர். நான் உள்ளே தார் வாசனையை மோந்துகொண்டு கண் கலங்கி நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஒவ்வாமை என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

அவர்கள் ஊர்த் தண்ணீர்

நான் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். பால்கோவா பற்றி நாலு வரி வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும், எனக்குத் திகட்டிவிட்டது.

லேப் இருந்தது ராஜபாளையத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால். தினமும் காலை டவுன் பஸ்ஸில் போய், சாயங்காலம் திரும்புவேன். பஸ்ஸில் எப்போதும் பஞ்சு பறக்கும். மில்லுக்குப் போகிற பெண்கள் தலையில் ஒட்டிக்கொண்டு வந்த பஞ்சு. மேற்கே மலை கூடவே வரும். இப்போதும் அந்த வழியாகப் போகும்போது இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசிக்காமலே மலை தெரிகிற ஜன்னலில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

ராஜபாளையத்துக்காரர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். வெயிலைச் சொல்லலாம், ரோட்டைச் சொல்லலாம், அவர்கள் வளர்க்கிற வெள்ளை நாயைக்கூடச் சொல்லலாம். மலையிலிருந்து குழாயில் வருகிற குடிதண்ணீரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், தண்ணி குடிச்சீங்களா என்று கேட்பார்கள். குடித்துவிட்டு ஆகா என்று சொல்லும் வரை விடமாட்டார்கள். உண்மையில் ஆகாதான். அதில் ஒரு இனிப்பு இருக்கும்.

லேபிலும் ஆலையிலும் இருந்தது போர் தண்ணீர். வாயில் வைக்க விளங்காது. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேய்த்தாலும் நுரைக்காது. கண்ணாடிக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படம் வரைந்திருக்கும்.

தொட்டியில் போர் தண்ணீர்தான் ஓடப்போகிறது. ஆகவே லேபிலும் எல்லா டெஸ்டும் போர் தண்ணீரில்தான் நடக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். நோட்டில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் மேலே ‘தண்ணீர்: போர்’ என்று என் கையாலேயே எழுதினேன். வாளியில் இருந்தது என்ன தண்ணீர் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

போட்டோ எடுத்து வைத்திருந்தவள்

வாளியை நிரப்பி வைத்தவள் ஆவுடை. மம்சாபுரத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். லேபில் தினக்கூலி. சாமான் கழுவுவாள், கல் மாவைச் சலிப்பாள், தண்ணீர் எடுத்து வைப்பாள். நான் மோட்டாரைப் போட்டதும் பக்கத்தில் வந்து நின்று நுரையையே பார்ப்பாள்.

“வந்துட்டு மேடம், வந்துட்டு” என்பாள், ரயில் வருகிற மாதிரி.

கல் மாவைச் சலித்துச் சலித்து அவள் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கண்ணாடியைப் பார்த்து, “ஏட்டி ஆவுடை, அதுக்குள்ள கெழவி ஆயிட்டியே” என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். அந்தக் காலத்தில் நான் அந்த லேபில் சிரித்ததில் பாதி அவளால்தான்.

தொட்டி ஓட ஆரம்பித்ததும் அவளைப் பெர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. ஆர்டர் டைப் அடித்து ராமராஜா சாரின் மேசை இழுப்பறையில் இருந்தது. முதலாளி கையாலேயே கொடுப்பதாக ஏற்பாடு. ஆவுடை அதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்டுடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துவிட்டாள்.

“பெர்மனென்ட் ஆனா போட்டோ ஒட்டிக் கார்டு குடுப்பாகள்ல மேடம்? கழுத்துல போட்டுக்கிடலாம்ல?”

“தருவாங்க, தருவாங்க. முதல்ல குடுவையைக் கழுவு.”

எனக்கு வாய் அப்படி. கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணாடிச் சாமானில் வெள்ளைக் கறையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “இதைக் கழுவினதுன்னு சொல்றியா? கண்ணு எங்க இருக்கு உனக்கு?” என்று கத்துவேன். அவள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவாள். திரும்பவும் கறை வரும். திரும்பவும் கத்துவேன். அவளும் என்னதான் செய்வாள்? தண்ணீர் அப்படி.

ஒரு நாள் கறை நின்றுவிட்டது. குடுவையெல்லாம் பளிச்சென்று இருந்தது. இப்போதுதான் ஒழுங்காகத் தேய்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திட்டியதற்குப் பலன் கிடைத்ததாக எனக்குள்ளே பெருமை வேறு. அதே வாரத்தில்தான் என் டெஸ்டில் நுரை பொங்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பத்துப் பேருக்கு முன்னால்

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

ராமராஜா சார் என்னையே பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் திரும்பினேன். கூட்டத்துக்குப் பின்னால் ஆவுடை நல்ல சேலை உடுத்தி, தலையில் கனகாம்பரம் வைத்து நின்றிருந்தாள்.

“ஆவுடை! லேப்ல சாமானை ஒழுங்கா கழுவுனியா, இல்லையா? ஏதாவது சோப்பு கீப்பு ஒட்டிக்கிட்டு இருந்துதா? அதான் அங்க நுரை வந்திருக்கு!”

நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆவுடை பதறிவிட்டாள். “இல்ல மேடம், நல்ல தண்ணிலதான் கழுவுனேன். டெஸ்டுக்கும் நல்ல தண்ணிதான ஊத்துனேன்.”

“நல்ல தண்ணின்னா?”

“மலைத்தண்ணி மேடம். தெருக்குழாயில புடிச்சு, ரெண்டு குடம் தெனமும் கொண்டாந்தேன். போர் தண்ணி வெள்ளை படியுதுன்னு நீங்க ஏசுறீகள்ல. அதான்.”

பிறகுதான் எனக்கு முழுக்கத் தெரிந்தது. ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருக்குழாயில் அந்தத் தெருப் பெண்களோடு மல்லுக்கட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீர் பிடித்து நடந்து வந்திருக்கிறாள். ஒரு மாதம் முழுக்க. நான் பஸ்ஸில் அவளைத் தாண்டிப் போயிருப்பேன்.

ராமராஜா சார் கேட்டார். “போர் தண்ணிலதான் செய்யணும்னு உனக்கு யாரும் சொல்லலையாம்மா?”

“சொன்னாக சார்.” அவள் என்னைப் பார்த்தாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘என் வாய்க்குப் பயந்து செய்திருக்கிறாள், பார்க்காமல் எழுதியது நான்’ என்று. அதற்கு எத்தனை நேரம் ஆகும்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு இரக்கம்கூட வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

“நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா” என்றார் ராமராஜா சார்.

சோடா உப்பு

சாயங்காலம் அவள் லேபுக்கு வந்து இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டாள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். வாசல் வரை போனவள் நின்றாள்.

“மேடம், போர் தண்ணியில துணி தொவைக்கணும்னா சோடா உப்பப் போட்டு செத்த நேரம் வச்சிட்டுத்தான பொறவு சோப்பு போடுவோம். அந்தத் தொட்டிக்கும் அப்படிப் போட்டா என்னா?”

“நீ போ ஆவுடை. தலை வலிக்குது.”

போய்விட்டாள்.

மறுநாள் காலை, வேறு வழி தெரியாமல், லேப் வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து ஒரு கரண்டி சலவைச் சோடா உப்பைப் போட்டேன். தண்ணீர் லேசாகக் கலங்கியது. கொஞ்ச நேரம் விட்டு அதில் கல் மாவைக் கரைத்து மருந்தை ஊற்றி மோட்டாரைப் போட்டேன். நுரை வந்தது. கெட்டியான, சாம்பல் நிற, அழகான நுரை. ‘வந்துட்டு மேடம்’ என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

இது எட்டாம் வகுப்புப் பாடம். கடின நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். நாம் ஊற்றுகிற சோப்பு மருந்தைத் துகளுக்குப் போகவிடாமல் அதுவே பிடித்துத் திரித்துவிடும். சோடா போட்டால் அந்தச் சத்து முன்கூட்டியே படிந்து ஒதுங்கிவிடும். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எம்.எஸ்ஸி வேறு. என் கண்ணெதிரே பெரிய தொட்டி நிறையத் திரிந்து மிதந்தபோது என் மூளைக்கு எட்டவில்லை. இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவளுக்கு எட்டியது.

அடுத்த வாரம் தொட்டி ஓடியது. முதலாளி கைகுலுக்கினார். நான் அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கையின் ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘உதவியாளர் தவறுதலாக வேறு தண்ணீரைப் பயன்படுத்தியதால் முதல் சோதனை தோல்வியடைந்தது, காரணம் கண்டறியப்பட்டு, சோடா சேர்த்துச் சரிசெய்யப்பட்டது.’ கண்டறிந்தது யார், சோடா என்று சொன்னது யார் என்றெல்லாம் அதில் இல்லை. கீழே என் கையெழுத்து இருந்தது.

அந்த அறிக்கையைக் காட்டித்தான் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கினேன். அங்கிருந்து கனடா. ஆவுடையைத் திரும்ப எடுக்கச் சொல்லி ராமராஜா சாரிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு விசா, டிக்கெட், ஸ்வெட்டர் என்று ஓடினேன்.

கனடாவில் ஒரு தடவை இதே வில்லங்கம் வந்தது. அங்கே ஒரு தடவை அலசிய தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக்கொண்டே போகும். அது நடுவில் நின்று களிமண்ணைப் பிடித்துத் தார்த்துளி மேல் பூசிவிடும். களிமண் பூசிய துளியில் குமிழி ஒட்டாது. எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு பெண் துணி துவைக்கிற சோடாவால் ஒரு தொட்டியையே ஓட வைத்தாள் என்று கதை சொன்னேன். கை தட்டினார்கள். சாயங்காலம் ஒருவர் வந்து, அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். 

மம்சாபுரம்

ஊருக்குத் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. மம்சாபுரம் ஒன்றும் தூரதேசம் இல்லை. போகவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் ராமராஜா சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுக் கைத்தடியோடு இருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம தொட்டி இன்னும் ஓடுதும்மா. அதே சோடாதான்” என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு, “தண்ணியை மாத்தி ஊத்திக் கெடுத்தாளே ஒரு பொண்ணு, ஆவுடை, அது இன்னமும் மம்சாபுரத்துலதான் இருக்காம்” என்றார்.

கெடுத்தாளே. அது நான் அறிக்கையில் எழுதிக்கொடுத்த பழி. அத்தனை வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வந்தது. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

விசாரித்துப் போய் நின்றபோது அவள் வீட்டு முன்னால் சாக்கை விரித்துப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு நொடி ஆகவில்லை.

“தனம் மேடமா? ஆத்தாடி!”

உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். காப்பி கொடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“அன்னைக்குப் பத்துப் பேருக்கு முன்னாடி உங்க மானத்த வாங்கிட்டேன் மேடம். எம்புட்டு நாள் நெனச்சு அழுதிருக்கேன் தெரியுமா? என்னால அந்தத் தொட்டியே வீணாப் போச்சு.”

அவளுக்குத் தெரியவே இல்லை. யாரும் சொல்லவே இல்லை.

“ஆவுடை, அந்தத் தொட்டி ஓடிச்சு. நீ போன அடுத்த வாரமே ஓடிச்சு. இன்னைக்கு வரைக்கும் ஓடுது. நீ சொன்ன சோடாவைப் போட்டுத்தான்.”

கையில் இருந்த சுத்தியல் நின்றது. “நான் சொன்னதா மேடம்?”

“வாசல்ல நின்னு சொன்னியே. நான் உன்னைப் போகச் சொன்னேன். மறுநாள் போட்டுப் பார்த்தேன். நுரை வந்துட்டு. நான்தான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதிட்டேன். தப்பு உன் பேர்ல, பேர் என் பேர்ல. மன்னிச்சுக்கோன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரல.”

அவள் இரண்டு புளியை உடைத்துக் கொட்டையை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் போட்டாள்.

“வீட்டுல பால் திரிஞ்சா, தோசை புளிச்சா, மோட்டார் ஓடலேன்னா, ‘இவ ஃபேக்டரியவே கவுத்தவள்ல’ன்னுதான் மேடம் பேச்சு. எங்க வீட்டுக்காரக சொல்லுவாக. மகன் சொல்லுவான். இப்ப மருமக முன்னாடியும் சொல்லுதாக. நானும் சிரிச்சுக்கிடுவேன். வேற என்ன செய்ய?”

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. ஓடிவிடத்தான் இருக்கும்.

“இருங்க மேடம். போயிராதீக. அவிய வரட்டும். அவிய முன்னாடி ஒருக்கச் சொல்லிட்டுப் போங்க.”

உட்கார்ந்தேன். அவள் புளி உடைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவள் கணவர் வயலிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். காலைக்கூடக் கழுவவிடவில்லை அவள்.

“இங்க வாங்க. இவுக எங்க லேப் மேடம். சொல்லுங்க மேடம்.”

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அப்ப இவ மேல தப்பு இல்லையா?”

“இல்லைங்க. தப்பு என்னோடது. ஓட வச்சது இவங்க.”

ஆவுடைக்கு அது போதவில்லை.

“மகனுக்குப் போன் போடுங்க.”

மகன் ராணுவத்தில் இருக்கிறான், எங்கோ வடக்கே. அவர் போன் போட்டார். அவள் அதை வாங்கி ஸ்பீக்கரில் வைத்து, மருமகளையும் உள்ளேயிருந்து கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“ஏலே, லேப் மேடம் வந்திருக்காக. ஃபேக்டரி விஷயம். பேசாமக் கேளு.”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கைநகமெல்லாம் புளி. மூன்றாவது முறையாகச் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். அவள் போனை விலக்கவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு முடிக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எம்மா...” என்று அந்தப் பக்கத்திலிருந்து மகன் குரல் வந்தது.

“பொறவு பேசுதேன்” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை மேடம் என்று சொல்லாமல் பேசினாள்.

“சரி, நீங்க கெளம்புங்க. இந்தப் பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸு மூணு மணிக்குத்தான்.”